சிங்கர் காய்ச்சிய வீடு: சாட்ஸ்வொர்த்தில் ஒரு குழந்தைக்கு ஏறிய காரீயம்

2022 ஜூன் மாதம் மூன்றாம் வாரம் என் மேசைக்கு ஒரு நோய் அறிவிப்புப் படிவம் வந்தது. பெண் குழந்தை, வயது மூன்றரை, ஊர் டர்பனின் சாட்ஸ்வொர்த். நோயின் பெயர் எழுதும் இடத்தில் ‘ஈய நச்சு’ என்று இருந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சுற்றுச்சூழல் சுகாதார ஆய்வாளராக எனக்கு அது பத்தொன்பதாம் ஆண்டு. பூச்சிமருந்து குடித்த பிள்ளைகள், கெட்டுப்போன இறைச்சி, ஊரெல்லாம் வயிற்றுப்போக்கு என்று எத்தனையோ படிவங்கள் என் கைக்கு வந்திருக்கின்றன. ஈய நச்சு என்று எழுதி வந்தது அதுதான் முதல் தடவை.

பத்தொன்பது ஆண்டில் ஒன்றுதான் என்றால், அந்த நோய் எங்கள் பக்கம் இல்லை என்று அர்த்தமா, யாரும் தேடவில்லை என்று அர்த்தமா? அன்று அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த முதல் கேள்வி அது.

இப்போது நான் ஓய்வில் இருக்கிறேன். அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் தெருவும் சொல்லவில்லை. எண்கள் என் குறிப்பேட்டில் உள்ளபடி.

பிள்ளை

அம்மா சொன்ன கதை பிப்ரவரியில் தொடங்குகிறது. பிள்ளைக்கு அடிக்கடி வயிற்று வலி. மூன்று நாள், நான்கு நாள் மலம் போகாது. சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிடும். ஆனால் தோட்டத்தில் வாழை மரத்தடிக்குப் போய் மண்ணை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். “பால் குடு, தாத்தா வா” என்று இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை அதற்கு மேல் புதுச் சொல் எதையும் பிடிக்கவில்லை. ராத்திரியில் காரணமில்லாமல் அழுகை. முகம் வெளுத்துப்போனது.

கிளினிக்குக்கு மூன்று தடவை கொண்டுபோயிருக்கிறார்கள். எந்தக் கிளினிக் என்று சொல்லப்போவதில்லை. முதல் தடவை பூச்சிக்கு மருந்து. இரண்டாம் தடவை இரும்புச் சத்து சிரப். மூன்றாம் தடவை, “பிள்ளைக்குப் பிடிவாதம் ஜாஸ்தி, நீங்கள்தான் கொஞ்சம் கண்டித்து வளர்க்க வேண்டும்” என்று அம்மாவுக்குப் புத்தி. பிள்ளையின் ‘ரோட் டு ஹெல்த்’ புத்தகத்தை நான் வாங்கிப் பார்த்தேன். இந்த நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுக்கும் புத்தகம் அது. தடுப்பூசி எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். எடைக் கோடு மட்டும் பிப்ரவரியில் இருந்து மேலே ஏறவே இல்லை. மூன்று தடவையும் அந்தப் பக்கத்தில் முத்திரை விழுந்திருக்கிறது. அந்தக் கோட்டைப் பார்த்து யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

மே மாதக் கடைசியில் ஹீமோகுளோபின் 7.8. இரும்புச் சத்து கொடுத்தும் ஏறவில்லை என்பதால் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு இளம் டாக்டர் மூன்று கேள்வி கேட்டார். பிள்ளை மண் தின்னுமா? வீட்டில் பெயின்ட் உரிகிறதா? வீட்டில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னது கூடப் போயிருந்த ஆயா, அதாவது பிள்ளையின் பாட்டி. “அவங்க தாத்தா சிங்கர் ஊத்துவாரு. வேற ஒண்ணும் இல்லம்மா.” சிங்கர் என்றால் தூண்டில் கயிற்றை ஆழத்துக்கு இழுத்துப் பிடிக்கும் ஈயக்குண்டு.

டாக்டர் அந்த இடத்திலேயே ரத்தம் எடுத்தார். வெளியூர் ஆய்வகத்துக்குப் போய்ப் பதில் வர 11 நாள். டெசிலிட்டருக்கு 38 மைக்ரோகிராம்.

அந்த எண் எதற்குச் சமம் என்று சொல்ல வேண்டும். ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். குழந்தைக்கு 45 ஆனால் ஈயத்தைக் கட்டி வெளியே கொண்டுவரும் மருந்து கொடுக்க வேண்டும். இந்தப் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நின்றது. மருந்து கொடுக்கும் அளவு இல்லை. அப்படியானால் இந்தப் பிள்ளைக்கான ஒரே மருத்துவம், ஈயம் வருகிற வழியை அடைப்பதுதான். அது டாக்டர் செய்யக்கூடிய வேலை இல்லை. வீட்டுக்குள் போய்த் தேடுகிற வேலை, அதாவது என் வேலை.

வீடு

சாட்ஸ்வொர்த்தில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய பழைய வீடுகளில் ஒன்று. 1960-களில், இனம் பார்த்துக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் டர்பனின் பல பக்கங்களில் இருந்து இந்தியர்களைக் கொண்டுவந்து குடியேற்றியபோது கட்டியவை. இந்தத் தாத்தாவின் அப்பா வலை இழுக்கிறவர். டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில் தமிழர்களும் தெலுங்கர்களுமாக மீன்பிடிக் குடும்பங்கள் இருந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படைக்காக அந்தத் தீவை எடுத்துக்கொண்டார்கள். கடலை விட்டு மேட்டுக்கு வந்தாலும் கடல் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. கார் நிறுத்தும் கூரையின் கீழ் ஏழெட்டுத் தூண்டில் கழி, சுவரில் மாட்டிய வலைத்துண்டு, பக்கத்தில் முருகன் படம்.

தாத்தாவுக்கு எழுபது வயது. வாரக் கடைசியில், டர்பனில் ஆறு கடலில் சேரும் புளூ லகூன் பக்கம் தூண்டில் போடுவார். தனக்குத் தேவையான சிங்கரைத் தானே ஊற்றிக்கொள்வார். சிங்கர் என்றால் தூண்டில் கயிற்றை ஆழத்துக்கு இழுத்துப் பிடிக்கும் ஈயக்குண்டு. டயர் கடையில் சக்கரத்தைச் சமன் செய்ய ஒட்டும் சின்ன எடைகள் கழற்றிப் போட்டுக் கிடக்கும். அவற்றைப் பால்பவுடர் டின்னில் வாங்கி வருவார். பழைய அலுமினியச் சட்டியில் போட்டுக் காய்ச்சுவார். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். வீட்டு கேஸ் அடுப்பே போதும். மேலே மிதக்கும் சாம்பல் நிறக் கசடைக் கரண்டியால் வழித்து எடுத்து, தெளிந்ததை அச்சில் ஊற்றுவார்.

முன்பெல்லாம் மாதம் ஒரு தடவை. 2022 ஏப்ரலில் டர்பனில் வந்த வெள்ளம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும், நானூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு மகனுக்குத் தொழிற்சாலையில் வேலை நேரம் குறைந்துபோனது. ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கரையோரம் வரும் காலம், அதன் பின்னாலேயே பெரிய மீனும் வரும், சிங்கருக்கு நல்ல கிராக்கி. தாத்தா வாரம் மூன்று நாள் ஊற்றத் தொடங்கினார். டஜன் கணக்கில் விற்று, வந்த பணத்தை மருமகள் கையில் கொடுத்தார். மழை நாளில் வெளியே அடுப்பு பிடிக்காது என்று சமையலறையிலேயே காய்ச்சினார்.

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒளிக்கிற பாவம் எதுவும் இல்லை. குடும்பத்துக்கு உழைத்த மனுஷன் தன் உழைப்பைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

நான் வீட்டை ஒழுங்காகத் தேடினேன். ஆராய்ச்சிக்காரர்களிடம் ஒரு எக்ஸ்-கதிர்க் கருவியை இரண்டு நாள் இரவல் வாங்கிக்கொண்டேன். துப்பாக்கி மாதிரி இருக்கும், ஒரு பொருளின் மேல் வைத்து அழுத்தினால் அதில் என்ன உலோகம் என்று சொல்லும். என் சந்தேகம் முதலில் பெயின்ட் மேலேதான். சன்னல் சட்டத்தின் அடிப்பூச்சில் நிறையவே ஈயம் இருந்தது. ஆனால் மேலே புதுப் பூச்சு நன்றாகப் பிடித்திருந்தது, உரியவில்லை. மஞ்சள்தூளைப் பார்த்தேன். நிறம் ஏற்ற ஈயக் குரோமேட் கலக்கிற வேலை வங்கதேசத்தில் பிடிபட்டிருக்கிறது. இங்கே அது இல்லை. சாமி மாடத்துக் குங்குமத்தில் இல்லை. சமையல் பாத்திரங்களில் இல்லை. கார் கூரையின் கீழ் சிமென்ட் தரையில் வைத்ததும் எண் எகிறியது. துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, சமையலறை அடுப்பைச் சுற்றி, தாத்தா வேலைக்குப் போடும் பழைய ஸ்வெட்டரில், எங்கே வைத்தாலும் ஈயம். எல்லாவற்றையும் விட அதிகம் வாழை மரத்தடியில். வழித்த கசடை அவர் கொட்டுகிற இடம் அது. பிள்ளை மண் எடுத்துத் தின்றதும் அங்கேதான்.

அந்த வளையத்தை நான் டாக்டரோடு பேசித்தான் புரிந்துகொண்டேன். ரத்தத்தில் இரும்பு குறைந்தால் குழந்தைக்கு மண் தின்னத் தோன்றும். அந்த மண்ணில் ஈயம் இருக்கிறது. இரும்பு குறைந்த குடல், இரும்பைத் தேடிக்கொண்டிருக்கிற அதே கதவு வழியாக ஈயத்தையும் உள்ளே விடும். உள்ளே வந்த ஈயம், ரத்தத்தில் சிவப்பு நிறம் உண்டாகிற வேலையைக் கெடுக்கும். சோகை இன்னும் கூடும். பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் உடம்பில் சேருவதைப் போல நான்கைந்து மடங்கு சின்னப் பிள்ளைக்குச் சேரும். பெரியவர்களை மயங்க வைக்காத அளவு, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையின் பேச்சையும் கவனத்தையும் தின்றுவிடும்.

வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தோம். எட்டு வயது அண்ணனுக்கு 19. ஆயாவுக்கு 12. தாத்தாவின் துணியைத் துவைக்கும் மருமகளுக்கு 10, மகனுக்கு 9. தாத்தாவுக்கு 44.

ஈயமா, காரீயமா

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் முதல் நாள் போய், “ஆயா, ஈயம் விஷம், பிள்ளை உடம்பில் ஏறியிருக்கிறது” என்று சொன்னதும் ஆயா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஈயம் எப்படிம்மா விஷமாகும்? எங்க அம்மா ஈயச் சொம்புலதான் ரசம் வெப்பாங்க. அந்த வாசனைக்கே சோறு எறங்கும். பித்தளைக்கு ஈயம் பூசலன்னாதான் விஷம்.”

ஆயா சொன்னதில் தப்பே இல்லை. பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம். சிங்கர் ஊற்றுவது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம். நம் பெரியவர்கள் வெள்ளீயம், காரீயம் என்று பிரித்துத்தான் சொன்னார்கள். பேச்சு வழக்கில் முன்னொட்டு உதிர்ந்து இரண்டும் ஈயம் ஆகிவிட்டது. என் அலுவலகப் படிவத்திலும், நான் தமிழில் எழுதி ஒட்டிய பழைய அறிவிப்புகளிலும் வெறும் ஈயம் என்றுதான் இருந்தது. அதைப் படித்த ஒரு ஆயா, இந்தச் சுகாதாரக்காரிக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தால் அது அவர் குற்றம் ஆகாது.

அன்று சாயங்காலமே என் குறிப்புகளில் எல்லாம் ‘காரீயம்’ என்று மாற்றினேன். ஆயாவிடமும் அப்படியே சொன்னேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். “காரீயமா? அத காய்ச்சித்தானே காதுல ஊத்துவாங்கன்னு கதையில சொல்லுவாங்க? அதையா இந்தக் கிழவன் என் அடுப்புல வெச்சான்?” அப்புறம் அந்த வீட்டில் நான் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை, ஆயா பார்த்துக்கொண்டார். (ஈயச் சொம்பு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விலை மலிவாக்கக் காரீயம் கலந்து வார்த்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்த இடத்தில் வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம்.)

சட்டம் எங்கே நின்றது

எந்தச் சட்டத்தின் கீழ் இந்தப் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்று நான் உட்கார்ந்து தேடினேன். தேடியதை இங்கே வரிசையாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: தென்னாப்பிரிக்காவில் ஈயத்துக்கு எதிரான சட்டம் இல்லாமல் இல்லை. நிறையவே இருக்கிறது.

பெட்ரோலில் ஈயம் கலப்பது 2006 ஜனவரி 1-ஆம் தேதியோடு இங்கே நின்றது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தைக் குறைத்ததில் இதைப் போல வேலை செய்த சட்டம் வேறு இல்லை. கேப் டவுனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் பள்ளிப் பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்து எடுத்து அளந்து காட்டிய அஞ்செலா மாத்தே போன்ற ஆராய்ச்சியாளர்களின் உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. அடுத்தது பெயின்ட். 1973-ஆம் ஆண்டின் அபாயப் பொருள் சட்டத்தின் கீழ், பத்து லட்சத்தில் 600 பங்குக்கு மேல் ஈயம் உள்ள பெயின்டை முதல் வகை அபாயப் பொருள் என்று 2009-இல் அறிவித்தார்கள். உலக அளவில் இன்று பரிந்துரைக்கும் வரம்பு 90. இந்தியாவில் 2017 நவம்பரில் இருந்து அதுதான் சட்டம். இங்கேயும் 600-ஐ 90-க்கு இறக்கும் வேலை பிறகு தொடங்கியது. வீட்டுப் பெயின்டில் இருந்து குழந்தைகளுக்கு ஈயம் போகிறது என்று ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஒரு கண் டாக்டர் 1904-இலேயே எழுதினார். அங்கே 1922-இல் சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1978. எங்களுக்கு 2009. நடுவில் எத்தனை தலைமுறை பிள்ளைகள் சன்னல் கட்டையைக் கடித்து வளர்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் மனது ஆறாது.

சரி, இந்த வீட்டில் பெயின்ட் காரணம் இல்லை.

தொழிலாளிகளுக்கு ஈய ஒழுங்குமுறை என்று தனியாக ஒன்று உண்டு, 1993-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். ஈயம் உருக்கும் தொழிற்சாலையில் காற்றை அளக்க வேண்டும், தொழிலாளியின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும், வேலைத் துணியைத் தனியாக வைக்க வேண்டும். நல்ல சட்டம். தாத்தா ஒரு தொழிற்சாலையில் இதே வேலையைச் செய்திருந்தால் அவர் ஸ்வெட்டர் பேத்தியின் தலையணைப் பக்கம் வந்திருக்காது. ஆனால் அவருக்கு முதலாளி இல்லை. அவர் யாருக்கும் தொழிலாளியும் இல்லை. வீட்டுக் கொல்லையில் பேரப்பிள்ளைகளுக்கு நடுவே ஒருவர் உருக்கினால், நடைமுறையில் அந்தச் சட்டம் வாசலில் நின்றுவிடும்.

சிங்கருக்கு என்று ஒரு வரம்பு என் பையில் இருந்த எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. இங்கிலாந்தில் 28 கிராம் வரையான சின்ன ஈயக்குண்டுகளை 1987-லிருந்து விற்கக் கூடாது. அங்கே அன்னங்கள் அவற்றை விழுங்கிச் செத்துக்கொண்டிருந்தன, மக்கள் குரல் கொடுத்தார்கள், சட்டம் வந்தது. அன்னத்தைக் காப்பாற்றியதில் எனக்குச் சந்தோஷம்தான். அதே குண்டை வாயில் போட்டு உருட்டுகிற பிள்ளைக்காகவும் அப்படி ஒரு வரி எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி. சக்கர எடையிலும் ஐரோப்பாவில் 2005-இல் ஈயத்தை நிறுத்திவிட்டார்கள். அங்கே டயர் கடையில் பால்பவுடர் டின்னை நிரப்ப இனி பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

நம் நாட்டில் இது யாருக்கும் தெரியாத சங்கதியும் இல்லை. கேப் டவுனுக்குப் பக்கத்து மீன்பிடி ஊர்களில் மாத்தேயும் அவர் கூட்டாளிகளும் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்து 2013-இல் எழுதினார்கள். ஏறக்குறைய முக்கால் பங்குப் பிள்ளைகளுக்கு 5-க்கு மேல். வீட்டில் சிங்கர் ஊற்றுகிற பழக்கத்தை அப்போதே சுட்டிக்காட்டினார்கள். டர்பன் கடலோரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தூண்டில் போடும் எங்கள் ஆட்களும் அதையேதான் செய்கிறார்கள்.

ஆக, எனக்குக் கையில் மிஞ்சியது மூன்று. ஒன்று, அரசியலமைப்பு. உடம்புக்குக் கேடில்லாத சூழலில் வாழும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது 24-ஆம் பிரிவு. பிள்ளை சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது 28-ஆம் பிரிவு. இரண்டு, 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம். நகராட்சியின் சுகாதாரப் பணிகளில் இரசாயனப் பாதுகாப்பையும் அது சேர்த்திருக்கிறது. 24-ஆம் பிரிவு உரிமை மீறப்படுகிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் என் போன்ற ஆய்வாளர் விசாரிக்க வேண்டும் என்கிறது அதன் 83-ஆம் பிரிவு. நான் அந்த வீட்டுக்குள் போனது அந்த அதிகாரத்தில்தான். மூன்று, அதே சட்டத்தின் கீழ் 2017 டிசம்பரில் வந்த நோய் அறிவிப்பு விதிகள். அதில் ஈய நச்சு இரண்டாம் வகை. கண்டுபிடித்த டாக்டர் 7 நாளுக்குள் அறிவிக்க வேண்டும்.

இந்த மூன்றாவதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன். பெயின்ட் சட்டம் டப்பாவைப் பார்க்கும். தொழில் சட்டம் தொழிற்சாலையைப் பார்க்கும். அறிவிப்பு விதி ஒன்றுதான் பிள்ளையில் இருந்து தொடங்குகிறது. ஈயம் எந்த வழியாக வந்தாலும் சரி, பெயின்ட், மஞ்சள், சிங்கர், அலுமினியச் சட்டி, பிள்ளையின் ரத்தத்தில் அது தெரியும். தெரிந்தால் தாள் வரும். தாள் வந்தால் நான் கதவைத் தட்டுவேன். அதன் ஓட்டை என்னவென்றால், யாராவது ரத்தத்தைச் சோதித்தால்தான் அது அசையும். மூன்று தடவை பூச்சி மருந்தும் சிரப்பும் கொடுத்து அனுப்பிய இடத்தில் அறிவிப்பு விதி மீறப்படவில்லை. கண்டுபிடிக்காத நோயை அறிவிக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. சோகை தீராத பிள்ளைக்கு, மண் தின்னும் பிள்ளைக்கு, பேச்சு நின்றுபோன பிள்ளைக்கு ஒரு ஈயப் பரிசோதனை கட்டாயம் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்கான அரசு மருத்துவத் திட்டத்தில் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் இந்தச் சோதனை கட்டாயம். எங்களுக்கு அந்த வரிதான் வேண்டும்.

நீதிமன்றத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஜாம்பியாவில் கப்வே என்ற ஊரில் பழைய ஈயச் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காகவும் பெண்களுக்காகவும் 2020-இல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் ஒரு பெரிய கூட்டு வழக்குப் போட்டார்கள். அதைக் கூட்டு வழக்காக ஏற்க முடியாது என்று 2023 டிசம்பரில் தீர்ப்பு வந்தது, பிறகு மேல்முறையீட்டுக்கு அனுமதி கிடைத்தது. அந்தச் சுரங்கம் மூடியதே 1994-இல். நீதி கிடைக்க வேண்டும் என்று நானும் வேண்டுகிறேன். ஆனால் மூன்றரை வயதுப் பிள்ளையால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது.

செய்தது

83-ஆம் பிரிவு என் கையில் இருந்தது. தாத்தாவுக்கு ஒரு நோட்டீஸ் எழுதி, மீறினால் வழக்கு என்று ஒட்டிவிட்டு வந்திருக்கலாம். மேலதிகாரி அதைத்தான் எதிர்பார்த்தார். நான் எழுதவில்லை. நோட்டீஸ் ஒட்டினால் அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக் கொல்லைக்குப் போவார், அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவரை உட்கார வைத்துப் பேத்தியின் எண்ணையும் அவர் எண்ணையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார், “அப்போ நான்தான் குடுத்தேனாம்மா பிள்ளைக்கு?”

“தெரியாமல் நடந்தது தாத்தா. சொல்ல வேண்டியவர்கள் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.”

“எங்க அப்பாவும் ஊத்தினாரு. நான் சின்னப் பிள்ளையா பக்கத்துல குந்திக்கிட்டு அச்சைப் புடிப்பேன்.”

அந்தப் பேச்சு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்தால் பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கும். அவர் உடம்பில் சிறுவயது ஈயமும் இருந்திருக்கும்.

மறுநாளே சட்டி, கரண்டி, அச்சு எல்லாம் மூடிய டப்பாவில் போய்விட்டன. வாழை மரத்தடியில் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை நனைத்து வெட்டி எடுத்தோம். அபாயக் கழிவாக அதை அனுப்பப் பட்ட பாடு தனிக் கதை. புது மண் கொட்டிப் புல் பதித்தோம். வீட்டுக்குள் துடைப்பம் கூடாது என்று சொன்னேன். காய்ந்த தரையைப் பெருக்கினால் தூசி எழும்பிப் பிள்ளை மூக்குக்கும் வாய்க்கும் போகும். சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைப்பது, துணியை அலசிய தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றாமல் இருப்பது, இரண்டு வாரம் தினமும். ஆயாவுக்கு விடிகாலையில் வாசல் பெருக்காமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. தண்ணீர் தெளித்த பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் ஆனோம். சமையலறை அடுப்பை மாற்றப் பணம் இல்லை, கழற்றித் தேய்த்துக் கழுவினோம். பிள்ளைக்கு இரும்பும் சுண்ணாம்புச் சத்தும்: பருப்பு, பீன்ஸ், கொல்லை முருங்கைக் கீரை, அமாசி என்று இங்கே சொல்லும் தயிர், கூடவே ஆரஞ்சுப் பழம். வெறும் வயிற்றில் விளையாட விடக் கூடாது. கை கழுவாமல் எதுவும் வாய்க்குப் போகக் கூடாது.

பணத்துக்கு என்ன வழி என்று தாத்தா கேட்டார். நியாயமான கேள்வி. மெக்கானிக் கடையில் தூக்கிப் போடும் பழைய ஸ்பார்க் பிளக் சிங்கருக்கு நன்றாக உதவும். பாறை இடுக்கில் சிக்கி அறுந்தாலும் நஷ்டம் இல்லை. அதில் கம்பி கட்டி விற்கத் தொடங்கினார். முன்பு வந்த காசில் பாதிகூட வரவில்லை என்று மருமகள் சொன்னார். அதை மறைத்து எழுத எனக்கு மனம் இல்லை.

எண்கள்

பிள்ளைக்கு ஜூலைக் கடைசியில் 31. அக்டோபரில் 24. 2023 ஜூனில் 15. 2024 ஜூனில் 9. ரத்தத்தில் உள்ள ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும் என்று படித்திருந்த எனக்கு இந்த மெதுவான இறக்கம் முதலில் பயத்தைக் கொடுத்தது. வீட்டில் இன்னும் எங்கோ இருக்கிறது என்று நினைத்து மறுபடி கருவியோடு போனேன். தரை சுத்தமாகத்தான் இருந்தது. எலும்பில் சேர்ந்தது கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்பி வருகிறது என்று டாக்டர் விளக்கினார். ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டியது. வயிற்று வலி போனது. மண் தின்னும் பழக்கம் நான்கு மாதத்தில் தானாக நின்றது.

பேச்சு வந்தது, ஆனால் வயதுக்கு ஒரு வருடம் பின்னால். பேச்சுப் பயிற்சிக்கு வரிசையில் காத்திருந்து ஏழு மாதம் கழித்து இடம் கிடைத்தது. அண்ணனுக்கு வகுப்பில் கவனம் நிற்பதில்லை என்று பள்ளியில் சொல்கிறார்கள். அது ஈயத்தாலா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

2022 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை தாத்தா எனக்குப் போன் செய்தார். “நாளைக்குக் காலையில லகூனுக்கு வாம்மா. ஊத்துற ஆளுங்க எல்லாம் வருவாங்க. நான் சொன்னா கேப்பாங்க.” போனேன். பாலத்துக்குப் பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றவர்களைச் சுற்றி உட்கார வைத்து அவரே பேசினார். பேத்தியின் எண், தன் எண், ஆயா சொன்ன காரீயக் கதை எல்லாம் சொன்னார். வீட்டில் ஊற்றுகிறவர்கள் ஆறு பேர் கை தூக்கினார்கள். அந்த ஆறு வீடுகளில் ஆறு வயதுக்குக் கீழே பதினொரு பிள்ளைகள். பிள்ளைகளின் பட்டியலை அந்த இளம் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொருவருக்கும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு எழுதினார். ஒன்பது பேர் வந்தார்கள். நான்கு பேருக்கு 5-க்கு மேல் இருந்தது, அதில் ஒரு பையனுக்கு 22. பதில் வந்த அன்றே டாக்டர் நான்கு அறிவிப்புப் படிவங்களையும் நிரப்பினார். திங்கட்கிழமை காலை அவை என் மேசையில் இருந்தன.